அவசரம்: கிளப்பினதும் முன் வீல் சும்மா சுத்துது, எந்த டிராக் (drag) டயர் வாங்கலாம்?

கோவை_டர்போ: வணக்கம் நண்பர்களே. என்னோடது டர்போ கார், ரீமேப்பும் (பவர் ஏத்த இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது) இன்டேக்கும் (காத்து உள்ள போற குழாய்) மட்டும் பண்ணியிருக்கு. அடுத்த மாசம் சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தளத்துல கால் மைல் டிராக் ரேஸ் (நின்ன இடத்துலருந்து நேர்கோட்டுல ஓடறது) ஓடப் போறேன். கிளப்பினதும் முன் வீல் நின்ன இடத்துலயே சுத்துது, 2வது கியர்லயும் கீச்சுனு கத்துது. நல்ல டிராக் டயரா ஒண்ணு சொல்லுங்க. நாளைக்குக் கடைக்குப் போறேன், சீக்கிரம் ப்ளீஸ்.

சேலம்_சக்கரம்: என்ன கார்னே சொல்லலையே ப்ரோ?

மணி_பூஸ்ட்: மேனுவலா ஆட்டோவா? ரிம் எத்தனை இஞ்சு? இப்ப போட்டிருக்கற டயர் என்ன, எந்த வருஷத்துது? காத்து எவ்வளவு?

டாக்போன்_தாஸ்: எந்த காரா இருந்தாலும் சரி, முதல்ல டாக்போன் மவுன்ட்டுக்கு (இன்ஜின் ஆடாம கீழ பிடிச்சுக்கற ரப்பர் இணைப்பு) பாலியூரித்தேன் இன்சர்ட் போடுங்க. இன்ஜின் முன்னும் பின்னும் ஆடுறதுல டயர் துள்ளுது. எனக்கு அதுலயே பாதி சரியாச்சு.

சோழவரம்_சீனியர்: வாரா வாரம் இதே கேள்வி, வேற வேற பேர்ல. தம்பி, "டர்போ கார்"னு சொல்றது டாக்டர்கிட்ட போய் "உடம்பு சரியில்ல"ன்னு சொல்ற மாதிரி. சோழவரத்துல பழைய ஏர்ஸ்ட்ரிப்ல ரேஸ் நடந்த காலத்துல பல பேர் ரோட்டு டயரையே தேய்ச்சு ஓட்டினாங்க. இப்ப ரீமேப் போட்ட மறுநாளே டிராக் ரேடியல் (டிராக் ரேஸுக்கான மென்மையான டயர்) கேக்குறாங்க.

சேலம்_சக்கரம்: அண்ணா, பாவம் புதுசா வந்திருக்காரு. விடுங்க.

கோவை_டர்போ: சாரி, எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் (புரொஃபைல் போட்டோல கார் இருக்கே!). போலோ ஜிடி டிஎஸ்ஐ 1.2, 2014 மாடல், டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் உள்ள ஆட்டோ கியர்பாக்ஸ்). டியூனர் சொன்ன கணக்கு 135 குதிரை, 220 என்எம் (இழுவை, அதாவது டார்க்). டயர் 215/40 ஆர்17 (அகலம் 215 மிமீ, சைடுவால் உயரம் அதுல 40 சதவீதம், ரிம் 17 இஞ்சு).

மணி_பூஸ்ட்: ஜிடி டிஎஸ்ஐக்கு கம்பெனில வந்தது 185/60 ஆர்15. 17க்கு ஏன் போனீங்க?

கோவை_டர்போ: பாக்க நல்லாருந்துச்சு.

மணி_பூஸ்ட்: அதுதான் வியாதி. 215/40ல சைடுவால் உயரம் 86 மிமீ, 195/55 ஆர்15 போட்டா 107. கிளப்பும்போது சைடுவால் கொஞ்சம் முறுக்கிக் கொடுத்தாத்தான் ரப்பர் ரோட்டைப் பிடிக்கும். 17 இஞ்சு ரிம்மோட எடையும் சேருது. பழைய 15 ரிம் வீட்ல இருக்கா? மொத்த விட்டத்துல ஒரு சதவீதம்தான் குறையும், ஸ்பீடோமீட்டர் பெருசா பொய் சொல்லாது.

நெல்லை_என்ஓஎஸ்: நேரா ஸ்லிக் (கோடே இல்லாத வழவழ ரேஸ் டயர்) வாங்கிப் போடுங்க பாஸ். ட்ரெட்வேர் (தேய்மான எண், குறைஞ்சா பொதுவா ரப்பர் மென்மை) 200, 300னு பாத்துட்டே இருந்தா ஜெயிக்க முடியாது.

மணி_பூஸ்ட்: ஸ்லிக் எந்தத் தரையில? வெளிநாட்டு டிராக் ஸ்ட்ரிப்ல பிசின் தெளிச்சு, ரப்பர் ஒட்டி வெச்சிருப்பாங்க, செருப்பே ஒட்டிக்கும். நம்ம ஊர்ல வெறும் தார். தூசியும் மணலும் கிடக்கற இடத்துல சூடு ஏறாத ஸ்லிக்கால பாதிப் பலன்தான். அதோட முன்னாடி பயஸ் (இழை குறுக்கா போற வகை) ஸ்லிக், பின்னாடி ரேடியல் (சாதாரண கார் டயர் வகை)னு கலந்து போட்டு, கோடு தாண்டி பிரேக் அடிச்சா வண்டி எந்தப் பக்கம் போகும்னே தெரியாது. இன்னொண்ணு, அந்த டிஎஸ்ஜி உலர் கிளட்ச், 250 என்எம் வரைக்கும்தான் தாங்கும்னு கணக்கு. இப்ப வீல் சுத்துறதுலதான் அது தப்பிச்சுட்டு இருக்கு. டயர் கெட்டியா பிடிச்சா அடி அங்கதான் போகும். எப்படி லான்ச் பண்றீங்கன்னும் (நின்ன இடத்துலருந்து கிளப்புறது) சொல்லுங்க.

கோவை_டர்போ: பிரேக் மிதிச்சா ஆக்சிலேட்டர் ஏற மாட்டேங்குது. அதனால ஹேண்ட்பிரேக் இழுத்துப் பிடிச்சு ஆக்சிலேட்டர் குடுத்து, டக்குனு விடுவேன்.

மணி_பூஸ்ட்: ஐயோ. அதை இன்னிக்கே நிறுத்துங்க. உலர் கிளட்ச்ல சூடு வெளிய போக எண்ணெய் கிடையாது.

வாத்தியார்_வீல்ஸ்: ஒரு சின்ன திருத்தம். டயர் அகலமானாலோ காத்து குறைஞ்சாலோ கிரிப் கூடும்னு பொதுவா எல்லாரும் சொல்றாங்க. +1 இயற்பியல் புத்தகத்தைப் பாருங்க, உராய்வு விசை பரப்பளவைப் பொறுத்தது இல்ல.

சோழவரம்_சீனியர்: சார், அந்தப் பாடம் மரக்கட்டைக்கு. ரப்பர் தரையோட மேடு பள்ளத்துக்குள்ள அமுங்கிப் பிடிக்கும். அதே எடை நிறைய பரப்புல பரவினா ரப்பரோட உராய்வு எண்ணே கூடும். கணக்கு போட்டுப் பாருங்க: ஒரு முன் டயர் மேல 340 கிலோன்னு வெச்சா, 36 பிஎஸ்ஐல தரையைத் தொடற இடம் சுமாரா 134 சதுர செமீ. 24ல 200. சைடுவால் விறைப்பைக் கழிச்சாலும் வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்ல.

வாத்தியார்_வீல்ஸ்: அப்ப சைக்கிள் டயர்?

சேலம்_சக்கரம்: சார் சைக்கிளுக்கு ஏன் போறீங்க 😂

நெல்லை_என்ஓஎஸ்: டயர்ல காத்துக்குப் பதிலா நைட்ரஜன் அடிச்சா இந்தக் கவலையே இல்ல.

சோழவரம்_சீனியர்: சாதாரண காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கு. மீதி 22க்கு பங்க்ல காசு குடுக்கற ஆளு நீங்கதானா.

நெல்லை_என்ஓஎஸ்: எஃப்1ல ஏன் போடறாங்க அப்போ?

சோழவரம்_சீனியர்: ஈரப்பசை இல்லாம பிரஷர் ஏற்றம் ஒரே மாதிரி இருக்கறதுக்கு. நீங்க ஓட்டுறது எஃப்1 இல்ல.

(இதுக்கு அப்புறம் 14 பதில் நைட்ரஜனுக்கே போச்சு. எடுத்துட்டேன். – மட்டுறுத்துநர்)

டாக்போன்_தாஸ்: நான் சொன்ன இன்சர்ட்டை யாருமே கண்டுக்கல.

மணி_பூஸ்ட்: கோவை ப்ரோ, டயர் வயசை இன்னும் சொல்லல. சைடுவால்ல டாட் (DOT)னு இருக்கற வரிசையோட கடைசில நாலு நம்பர் வரும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம்.

கோவை_டர்போ: 2417. காத்து பங்க்ல எப்பவும் 36 அடிப்பேன்.

மணி_பூஸ்ட்: 2017ல 24வது வாரம். கட்டை மாதிரி ஆகியிருக்கும், நகத்தை அழுத்திப் பாருங்க, பதியாது. வெளிநாட்டு டயரை இப்பத் தேடாதீங்க. 2020 ஜூன்ல டயர் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு ஆக்கினாங்க, உங்களுக்கு ஒரு மாசம்தான் இருக்கு. கைல கிடைச்சா மட்டும் யோகோஹாமா ஏடி08ஆர் மாதிரி ட்ரெட்வேர் 180 உள்ளது பாருங்க. டோயோ ஆர்888ஆர் 100தான், ஆனா சூடாகாம பிடிக்காது, மழை வந்தா வீட்டுக்குப் போக பயம். கிடைக்கலன்னா 15 ரிம்ல புது 195/55, மென்மையான ரப்பரா எடுங்க. ஓடும்போது முன்னாடி 24லருந்து 26, பின்னாடி 38. பின்னாடி விறைப்பா இருந்தா கிளப்பும்போது வண்டி கொஞ்சமாத்தான் பின்பக்கம் உக்காரும். முன்னாடி 20க்குக் கீழ போகாதீங்க, ரிம்ல டயர் நழுவும். முடிச்சதும் காத்து அடிச்சுட்டுத்தான் ரோட்டுக்கு வரணும்.

சோழவரம்_சீனியர்: இதை முதல் பதில்லயே நான் சொல்லியிருப்பேன், அவர் விவரம் குடுத்திருந்தா.

சேலம்_சக்கரம்: 🙏

*(மூணு வாரம் கழிச்சு)*

சேலம்_சக்கரம்: கோவை ப்ரோ, என்னாச்சு? ஆளையே காணோம்.

கோவை_டர்போ: சாரி, வேலை. 15 ரிம், புது 195/55, முன்னாடி 25. ஞாயித்துக்கிழமை கோவை செட்டிபாளையம் ரேஸ் தளத்துல ஓட்டிப் பாத்தேன். முதல் 60 அடி 2.7 செகண்ட் வந்துட்டு இருந்தது, இப்ப 2.4. ஹேண்ட்பிரேக் தொடல. 2வது கியர்ல சத்தம் இல்ல. நன்றி எல்லாருக்கும்.

மணி_பூஸ்ட்: சூப்பர். எந்த டயர் எடுத்தீங்க?

டாக்போன்_தாஸ்: இன்சர்ட் போட்டீங்களா?

மணி_பூஸ்ட்: ப்ரோ? எந்த டயர்?