கிரிட்வியூ பக்கம் மிக மெதுவாக இருக்கிறது: வியூஸ்டேட்டை முழுவதும் அணைத்துவிடலாமா?

கேள்வி

வணக்கம். மைக்ரோசாஃப்ட்டின் இணையச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் எழுதப்பட்ட கிடங்கு இருப்புப் பதிவேடு ஒன்றைப் பராமரித்து வருகிறேன். சுமார் 12,000 வரிசைகள் உள்ள அட்டவணையை, பக்கத்துக்கு 25 வரிசைகளாக கிரிட்வியூ (தரவை அட்டவணையாகக் காட்டும் கூறு) காட்டுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் 300 பொருள்களின் பெயர்களைக் கொண்ட டிராப்டவுன் (தேர்வுப் பட்டியல்) இருக்கிறது. தலைமை அலுவலகத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் மொபைல் இணைப்பை நம்பியிருக்கும் கிளைகளில் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வெகுநேரம் காத்திருக்கிறார்கள். பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனலுக்குள் வைத்ததில் திரை மினுக்குவது நின்றதே தவிர, வேகம் கூடவில்லை. வியூஸ்டேட்டை (பக்கத்தின் நிலையைச் சேமித்து, உலாவிக்கும் சர்வருக்கும் இடையே போய்வரும் தரவு) அணைத்துப் பார்த்தேன். பக்கம் உடனே வந்தது, ஆனால் ‘திருத்து’ பொத்தான் வேலை செய்யவில்லை. தரவை இணைக்கும் நிரல், பக்கம் முதன்முறை திறக்கும்போது மட்டுமே ஓடுகிறது.

பதில் 1

பக்கத்தின் மூலத்தைத் திறந்து, வியூஸ்டேட் என்ற மறைபுலம் (திரையில் தெரியாத படிவப் புலம்) எவ்வளவு நீளம் என்று முதலில் பாருங்கள்.

கேட்டவர்

ஏறக்குறைய 180 கேபி இருக்கிறது. சர்வரில் சுருக்கம் ஏற்கெனவே இயங்குகிறது.

பதில் 2

அந்தச் சுருக்கம் சர்வரிலிருந்து வரும் பக்கத்துக்கு மட்டுமே உதவும். பொத்தானை அழுத்தும்போது உலாவி அந்த 180 கேபியையும் சுருக்காமல் அப்படியே திருப்பி அனுப்புகிறது. மேலேற்றம் மெதுவாக உள்ள கிளைகள் திணறுவது அதனால்தான். அப்டேட்பேனலும் முழு வியூஸ்டேட்டையும் அனுப்பி, சர்வரில் பக்கத்தின் எல்லாக் கட்டங்களையும் ஓடச் செய்து, திரும்பி வரும் பகுதியை மட்டுமே சிறிதாக்குகிறது.

பொத்தான் செயலிழந்ததற்குக் காரணம், வியூஸ்டேட்டும் இல்லாமல், தரவும் மீண்டும் இணைக்கப்படாமல் போனதால், அழுத்தப்பட்ட பொத்தான் இருந்த வரிசையே சர்வரில் உருவாகாததுதான். ஒவ்வொரு முறையும் நிகழ்வுகளுக்கு முன்பே தரவை இணைத்தால் பொத்தான் இயங்கும். ஆனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: இடையில் வேறொருவர் ஒரு பதிவைச் சேர்த்திருந்தால் வரிசைகள் இடம் மாறி, பயனர் அழுத்திய வரிசைக்குப் பதிலாக வேறொரு வரிசை திருத்தத்துக்குத் திறக்கக்கூடும். இருப்புப் பதிவேட்டில் அந்த ஆபத்தை ஏற்கவே கூடாது.

உண்மையான சுமை டிராப்டவுன்தான். 25 வரிசைகளுக்கு 300 பெயர்கள் என்றால் 7,500 உருப்படிகள். ஒரே பட்டியல் 25 முறை சேமிக்கப்பட்டு, தரவை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 குறியாக்கத்தால் அளவு மேலும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. சாதாரண நிலையில் பொருளின் பெயரை லேபிளில் காட்டி, டிராப்டவுனைத் திருத்தும் வரிசைக்கான எடிட்ஐட்டம் டெம்ப்ளேட்டில் மட்டும் வையுங்கள். கிரிட்வியூவின் வியூஸ்டேட் இருந்தபடியே இருக்கட்டும்.

இன்னொன்று: கிரிட்வியூவின் இயல்பான பக்கப் பிரிப்பு 12,000 வரிசைகளையும் தரவுத்தளத்திலிருந்து வரவழைத்து, 25 போக மீதியைக் கைவிடுகிறது. கிரிட்வியூவுக்குத் தரவைத் தரும் ஆப்ஜெக்ட்டேட்டாசோர்ஸில் பேஜிங்கை (பக்கப் பிரிப்பை) இயக்கி, தேவையான 25 வரிசைகளை மட்டும் கேளுங்கள். உங்கள் தரவுத்தளம் எஸ்க்யூஎல் சர்வர் என்றால், 2012 பதிப்பு முதல் இதற்கு ஆஃப்செட், ஃபெட்ச் என்ற வினவல் பகுதிகள் இருக்கின்றன. அதற்கு முந்தைய பதிப்பானால் 2005 முதல் உள்ள, வரிசைகளுக்கு எண் தரும் ரோநம்பர் போதும்.

கேட்டவர்

டிராப்டவுனை மாற்றிய பிறகு மறைபுலம் 8 கேபிக்குள் வந்துவிட்டது. திருத்தும்போது மட்டும் சற்றுக் கூடுகிறது. இன்று காலை ஒரு கிளையிலிருந்து சோதித்தவர்கள், அழுத்திய உடனே வரிசை திறக்கிறது என்றார்கள். மிக்க நன்றி. பக்கப் பிரிப்பை இந்த வாரம் மாற்றுகிறேன். மொத்த வரிசைகளின் எண்ணிக்கையைத் தனி வினவலாக எழுத வேண்டுமா?

பதில் 2

ஆம். ஆப்ஜெக்ட்டேட்டாசோர்ஸின் செலக்ட்கவுன்ட் மெத்தடில் அதைக் கொடுங்கள். பக்க எண்கள் அதிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன. தேடல் நிபந்தனை இருந்தால் இரண்டு வினவல்களிலும் அது ஒன்றாகவே இருக்க வேண்டும்.