நியூக்கில் வெண்சமநிலையைத் திருத்துவது எப்படி?

கேள்வி: வணக்கம். நியூக் என்னும் காட்சிக்கலவை மென்பொருளில், வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்ய (வெண்சமநிலை) முயல்கிறேன். 3200 கெல்வின் (ஆரஞ்சு சாய்ந்த) விளக்கொளியில், கேமராவைப் பகல் வெளிச்ச அமைப்பில் வைத்து எடுத்துவிட்ட காட்சி முழுக்க ஆரஞ்சு படிந்திருக்கிறது. முதல் ஃபிரேமில், நிறச்சாய்வற்ற சாம்பல் அட்டை உண்டு. காமாவை (நடுத்தர வெளிச்சத்தை மாற்றும் அமைப்பை) நகர்த்திச் சரிசெய்தால் நிழல்கள் நீலமாகின்றன. முறையான வழி எது?

மறுமொழி 1: காமாவைத் தொட வேண்டாம். ஒளியின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு சேனலையும் பெருக்கும் காரணியாகவே படத்தில் சேர்வதால், லீனியருக்கு (ஒளியளவுக்கு நேர்விகிதமான மதிப்புகளுக்கு) மாற்றிய பிறகு, நிறம் திருத்தும் கருவியான கிரேடு நோடின் மல்டிப்ளை (பெருக்கல்) மதிப்பைச் சேனல்வாரியாக மாற்றினாலே போதும். அட்டையில் ஒரு சிறு கட்டத்தின் சராசரியை எடுங்கள். ஒற்றைப் பிக்சலை நம்பாதீர்கள். சிவப்பு 0.36, பச்சை 0.24, நீலம் 0.12 என்று வந்தால், பச்சையின் மதிப்பை மற்ற இரண்டாலும் வகுத்து, சிவப்புக்கு 0.667, நீலத்துக்கு 2 என்று இடுங்கள். பச்சை 1 ஆகவே இருக்கட்டும். மூன்றும் 0.24 ஆகிவிடும்.

மறுமொழி 2: நீலம் இருமடங்காகும்போது அதன் இரைச்சலும் இருமடங்காகும் என்பதால், இரைச்சல் நீக்கத்தை முதலில் செய்துவிடுவது என் வழக்கம். மூன்று சேனலும் உச்ச மதிப்பான 1இல் முட்டி நிற்கும் விளக்கின் மையம் இந்தப் பெருக்கலால் நீலம் பூசிக்கொள்ளும். அந்த இடத்தை மட்டும் லூமா கீயால் (வெளிச்ச அளவை வைத்துப் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் கருவியால்) பிரித்து நிறச்செறிவைக் குறையுங்கள்.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி. நிழல்கள் சரியாகிவிட்டன. ஆனால், சன்னலோரம் விழும் பகல் வெளிச்சம் இப்போது அடர்நீலமாகத் தெரிகிறது.

மறுமொழி 1: இரு வேறு ஒளிகளுக்கு ஒரே பெருக்கல் பொருந்தாது. சன்னல் பகுதியை ரோட்டோவால் (பகுதியைச் சுற்றிக் கோடு வரையும் கருவியால்) வரைந்து, விளிம்பை நன்றாக மென்மையாக்கி, அங்கே திருத்தத்தை விலக்குங்கள்.