வீட்டுப் பெரியவர்களுக்கு அரசுக் காப்பீடு: கவுண்டரில் உங்களுக்கு என்ன நடந்தது?

கரிசல்காரன்

பாட்டிக்கு 78 வயது. குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில், வாசலிலேயே திட்டத்தின் பலகையைப் பெரிதாக மாட்டியிருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எக்ஸ்ரே, அட்மிஷன் வரை எல்லாம் சரி. காப்பீட்டுக் கவுண்டரில் இருந்த பெண் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பேனா முனையால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். இதயம், சிறுநீரகம், இன்னும் ஏதேதோ. "எலும்பு எங்களுக்கு இல்லை சார்." நான் கத்த ஆரம்பித்ததும் ஸ்ட்ரெச்சரில் கிடந்த பாட்டி, "அந்தப் புள்ளைய ஏன்டா திட்டுற, அதுவா போர்டு மாட்டுச்சு?" என்றார்.

அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதே அட்டையில் ஆபரேஷன் நடந்தது, இப்போது வாக்கரோடு நடக்கிறார். ஆனால் மருத்துவமனைகளைத் துறைவாரியாகத்தான் திட்டத்தில் சேர்க்கிறார்கள் என்பதை அந்தப் பலகையில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எரிகிறது.

மணிநகர்வாசி

நாங்கள் இருப்பது அகமதாபாத். எங்கள் கதை மத்திய அரசின் வய வந்தனா அட்டை. 2024 அக்டோபர் கடைசியில் தொடங்கினார்களே, 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அதுதான்.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். கைரேகைக் கருவியில் ஒரு விரலும் தேறவில்லை. ஈரத்துணியால் துடைத்தோம், எண்ணெய் தடவினோம், ஊஹும். ஓடிபி போகும் எண் எப்போதோ தொலைந்த சிம். கடைசியில் முகத்தை வைத்துச் சரிபார்க்கலாம் என்று அட்டைக்குப் பதிந்துகொண்டிருந்த பையன் போனைத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னான். அப்பா கண்ணை மூடியவர் மூடியபடியே நின்றார். "அப்பா, திறங்க!" என்று நான் கத்த, பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்த, ஒருவழியாகப் பச்சை வட்டம் வந்தது.

அட்டை கைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வருடத்துக்கு 5 லட்சம். ஆளுக்கு ஐந்து கிடையாது.

ஓய்வுபெற்ற கணக்கர்

கரிசல்காரன் தம்பி, பலகையைத் திட்டிப் பயனில்லை. 1800 425 3993 என்ற இலவச எண் எதற்கு இருக்கிறது? ஆம்புலன்ஸ் ஏறும் முன்பே கேட்டிருக்கலாம்.

என் அனுபவம் சின்னது. மைத்துனிக்கு ஸ்டென்ட் வைக்க அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் "நல்ல ஸ்டென்ட்டுக்கு வித்தியாசத் தொகை" என்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்கள். இதையே லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். மேனேஜர் சீட்டை மடித்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அப்புறம் யாரும் பணம் என்று வாயே திறக்கவில்லை.

இப்போது எல்லோருக்குமாகச் சொல்கிறேன். அரசு அட்டை வந்துவிட்டது என்று கையில் இருக்கும் தனியார் பாலிசியை விட்டுவிடாதீர்கள். தனியார் பாலிசி இருப்பவர்களும் வய வந்தனா எடுக்கலாம், ஒன்று மற்றொன்றுக்குத் தடையில்லை. பழைய பாலிசியை விட்டுவிட்டுப் பிறகு புதிதாகப் போனால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். அரசு அட்டையில் அந்தக் காத்திருப்பு கிடையாது, முதல் நாளே செல்லும். 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசி தரமாட்டார்கள் என்று இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்கள், அந்த வரம்பு 2024-லேயே போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. மத்திய அரசு ஓய்வூதியர்கள் சிஜிஹெச்எஸ் (மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர்களுக்கான மருத்துவத் திட்டம்), வய வந்தனா இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவசரப்பட்டு மாறாதீர்கள், சிஜிஹெச்எஸ்ஸில் வெளிநோயாளி மருத்துவமும் மாத்திரையும் உண்டு.

கரிசல்காரன்

ஐயா, பாட்டி வலியில் அலறும்போது இலவச எண்ணில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்பதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை. மற்றபடி அந்தத் துண்டுச்சீட்டு விஷயம் சூப்பர்.

நொய்யல்கரை

கணக்கர் ஐயா கடைசியில் தொட்டதுதான் என் பிரச்சினையே. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் 5 லட்சம். படுக்காமல் மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்கினால் ஒரு பைசா கிடையாது. டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்து திட்டத்திலேயே சேர்த்தி. அது தீர்ந்ததும் மருந்துக்கடையில் பில் நீட்டினார்கள். அம்மா முந்தானையில் முடிந்திருந்த காப்பீட்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார்! கடைப்பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், அந்தச் செலவு நின்றது.

படிக்கட்டுப் பயணி

அம்மாவுக்கு உண்மையில் 72. ஆதாரில் யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதிப்படி 66. அதனால் வய வந்தனா அட்டை கிடைக்கவில்லை. "ஆதார் என்ன சொல்லுதோ அதுதான் வயசு, அம்மாவைப் பார்த்தா எழுபதுக்கு மேலன்னு எனக்கும் தெரியுது" என்று இ-சேவை மையத்தில் சொன்னார்கள். தெரிந்து என்ன செய்ய?

ஓய்வுபெற்ற கணக்கர்

பிறந்த தேதியை ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள், அதற்கும் சான்று கேட்பார்கள். அது நடக்கும்போது நடக்கட்டும். முதலமைச்சர் திட்டத்துக்கு வயது வரம்பே இல்லையே. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்தானா? ரேஷன் அட்டையில் அம்மா பெயர் இருக்கிறதா?

படிக்கட்டுப் பயணி

இரண்டுக்கும் ஆமாம். 70 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு அலைந்ததில் இது மண்டையில் ஏறவில்லை. வருமானச் சான்றுக்கு நாளைக்கே விஏஓவைப் பார்க்கிறேன். கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டுமா, நான் மட்டும் போனால் போதுமா?