கருப்பு வண்டி: பாலிஷ் போட்ட கொஞ்ச நாளில் கீறல்கள் திரும்பி வந்துவிட்டன, இனி செராமிக் போடலாமா?

கேட்டவர்: கருநிறம்

வணக்கம். என்னிடம் இருப்பது ஏழு வருடப் பழைய கருப்பு செடான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மங்கிக் கிடக்கிறதே என்று போன மாதம் ஒரு டீடெய்லிங் கடையில் விட்டேன். காலையில் விட்டதை மாலையிலேயே தந்துவிட்டார்கள். அன்றைக்கு முகம் பார்க்கலாம் போல மின்னியது. மூன்று முறை கழுவியதோடு சரி, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி அதே பழைய வட்டக் கீறல்கள். பானட்டில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது: இரவில் விளக்கடியில் நின்று தலையை அசைத்தால், பெயிண்டுக்குள் வெள்ளை நிழல் அலையலையாக நகர்கிறது. இது முன்பு இல்லவே இல்லை. டாப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு இடம் வெளுத்தும் இருக்கிறது.

செராமிக் கோட்டிங் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார் கடைக்காரர். இவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்ளும் வண்டி, இன்னொரு முறை தப்பு செய்ய மனமில்லை. என்ன செய்யலாம்?

நுரைவாளி

செராமிக்கைத் தயவுசெய்து இப்போது போடாதீர்கள் நண்பரே. நான் போட்டுவிட்டு வருந்தியவன். அது கண்ணாடி போலத் தெளிவான, ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனமுள்ள படலம். அடியில் இருக்கும் கீறலை மறைக்காது, இன்னும் எடுப்பாகக் காட்டும். அப்புறம் கீறலை எடுக்க நினைத்தால் முதலில் அந்தக் கோட்டிங்கையே தேய்த்து எடுத்தாக வேண்டும்.

பழைய பஃப்

பதினோரு வருடமாக இந்த வேலை செய்கிறேன். நீங்கள் சொல்வதில் மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. ஒரே மருந்தில் மூன்றும் போகாது.

முதலில் திரும்பி வந்த கீறல்கள். அவை போகவே இல்லை என்பது என் கணிப்பு. சில பாலிஷ்களில் எண்ணெயும் நிரப்பும் பொருளும் கலந்திருக்கும். கீறலின் பள்ளத்தில் அது போய் உட்கார்ந்தால் வெளிச்சம் சிதறாது, கீறலும் தெரியாது. நாலு கழுவல் ஆனதும் கரைந்துவிடும். வேலை உண்மையாக நடந்ததா என்று பார்க்க எளிய வழி, பாலிஷ் முடிந்த இடத்தைத் தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒற்றை விளக்கில் பார்ப்பதுதான். அப்போதும் கீறல் இல்லையென்றால் அது நிஜமாகவே போய்விட்டது.

இன்னொரு விஷயம், அவை வட்டக் கீறல்களே இல்லை. எல்லாத் திசையிலும் ஓடும் நேர்க்கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால், விளக்கைச் சுற்றி வட்டம் போட்டது போலத் தெரிகிறது. வெள்ளை வண்டியிலும் இதே அளவு இருக்கும், கண்ணுக்குப் படாது. கருப்பு எதையும் ஒளிக்காது.

இரண்டாவது, நகரும் வெள்ளை நிழல். இதை ஹோலோகிராம் என்போம். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷினில் கரடான பேடை (பாலிஷ் தேய்க்கும் வட்டப் பஞ்சை) போட்டுத் தேய்த்துவிட்டு, நைஸ் பாலிஷால் முடிக்காமல் விட்டால் வரும். சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டூயல் ஆக்‌ஷன் மெஷினும் மென்மையான பேடும் இருந்தால் இது போய்விடும். கவலைப்பட வேண்டாம்.

எனக்குப் பயமெல்லாம் டாப்பைப் பற்றித்தான். வெளுத்த இடத்தை நனைத்துப் பாருங்கள். அதன் ஓரத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். அப்புறம், பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் யாரிடமாவது போய் ஒவ்வொரு பேனலையும் அளந்து எழுதிக்கொண்டு வாருங்கள். பம்பரை விட்டுவிடலாம். அது பிளாஸ்டிக், சாதாரண மீட்டர் அதில் வேலை செய்யாது.

கருநிறம்

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி அண்ணா. அளந்துவிட்டேன்.

பானட் 118 முதல் 124 மைக்ரான். மூன்று கதவுகள் 115ஐ ஒட்டி. வலது பின்கதவு மட்டும் 280. டாப்பில் நல்ல இடத்தில் 112, வெளுத்த இடத்தில் 78. நனைத்தால் வெளுப்பு மறைகிறது, காய்ந்ததும் திரும்பி வருகிறது. ஓரத்தில் நகம் தட்டுகிறது, ஒரு மூலையில் மெல்லிய தோல் போல உரியவும் செய்கிறது.

பழைய பஃப்

நகம் தட்டுகிறது, தோல் உரிகிறது என்றால் அந்த இடத்தில் நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட் போய்விட்டது தம்பி. நீங்கள் எழுதிய எண்ணே அதைச் சொல்கிறது. 112க்கும் 78க்கும் வித்தியாசம் 34. கம்பெனி பெயிண்டில் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான். வருடக்கணக்கில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு மேல்தோல் செத்துப்போயிருக்கிறது. இதற்குப் பாலிஷும் உதவாது, செராமிக்கும் உதவாது. இனி அங்கே மெஷின் வைத்தால் பேடில் கருப்பு நிறமே ஒட்டிக்கொண்டு வரும். டாப் முழுவதையும் தேய்த்து மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. அதுவரை சிலிக்கான் கலந்த பளபளப்பு ஸ்ப்ரே எதையும் அதன்மேல் அடிக்காதீர்கள். புதுப் பெயிண்ட் அதன்மேல் ஒட்டாமல் விலகி, மீன் கண் போலக் குழி குழியாக நிற்கும்.

வலது பின்கதவு ஏற்கனவே மறுபெயிண்ட் ஆனது. 280தான் என்பதால் அடியில் கனமாகப் பட்டி பார்த்திருக்க வாய்ப்பில்லை, அப்படியென்றால் எண் இன்னும் எங்கோ போயிருக்கும். ஆனால் கனம் கூட இருக்கிறது என்று அதில் தைரியமாகத் தேய்க்கச் சொல்லாதீர்கள். மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், அதில் கிளியர் எவ்வளவு என்று சொல்லாது. வெளியில் அடித்த கிளியர் பெரும்பாலும் கம்பெனியுடையதைவிட மென்மையாக இருக்கும், சீக்கிரம் சூடேறும்.

பானட்டும் மற்ற கதவுகளும் தாராளமாகச் சரியாகும். வேலை செய்பவரிடம் பானட்டில் இரண்டு சாண் சதுரத்துக்கு மட்டும் முதலில் சோதனை போடச் சொல்லுங்கள். இருப்பதிலேயே மென்மையான பேட், நைஸான பாலிஷ். அது போதவில்லையென்றால் மட்டும் ஒரு படி கரடு. ஒரு முறை சரியாகப் பாலிஷ் செய்தால் சில மைக்ரான் குறையும், அது திரும்பி வளராது. அதனால் நகம் சிக்கும் ஆழமான கீறலை விரட்டிக்கொண்டு போக வேண்டாம், அதன் விளிம்பு மழுங்கினாலே பாதி மறைந்துவிடும். பானட்டின் மடிப்புக் கோடுகளில் பெயிண்ட் மெலிந்திருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். ஒரு நாளில் முழு வண்டியையும் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இதையெல்லாம் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

டாப் பெயிண்ட் முதலில், அப்புறம் பாலிஷ், கடைசியில் கோட்டிங். புதுப் பெயிண்டின் ஈரம் முழுதாக வெளியேற ஒன்று முதல் மூன்று மாதம் விடுவது வழக்கம். அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கதவு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் வெள்ளை வண்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள், கழுவினால் போவதில்லை. துருவா?

பழைய பஃப்

பெரும்பாலும் பிரேக்கிலிருந்தோ ரயில் பாதை ஓரத்திலிருந்தோ பறந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள். இரும்பு கரைக்கும் திரவம் தெளித்தால் ஊதா நிறமாகக் கசியும். நிழலில் செய்யுங்கள், காய விடாமல் கழுவுங்கள். மீதியைக் க்ளே பார் (பெயிண்டில் ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) எடுத்துவிடும். புள்ளியைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளித்திருந்தால் அது உள்ளிருந்து வரும் துரு, அதற்கு இது பயன்படாது.

நுரைவாளி

கருநிறம், ஒரு கேள்வி. தினமும் வண்டியைக் காய்ந்த துணியால் தூசி தட்டுவீர்களா?

கருநிறம்

ஆமாம், தினமும் காலையில்.

நுரைவாளி

உங்கள் கீறல்களில் பாதி அங்கிருந்துதான் வந்திருக்கும். தூசியில் இருப்பது மணல். நிறைய தண்ணீரால் முதலில் அடித்து விடுங்கள், அப்புறம் ஷாம்பு ஒரு வாளி, துணியை அலச இன்னொரு வாளி, கடைசியில் தடித்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். கழுவ நேரமில்லாத நாளில் தூசி அப்படியே இருக்கட்டும்.

கருநிறம்

நேற்று வேறொருவரிடம் சோதனை போட்டுப் பார்த்தேன். டூயல் ஆக்‌ஷன் மெஷின், மென்மையான பேட். ஆல்கஹால் துடைத்து, அறை விளக்கை அணைத்து, டார்ச் அடித்துக் காட்டினார். அந்தச் சதுரத்தில் நிழலும் இல்லை, வலையும் இல்லை, ஒரே ஒரு நீளக் கீறல் மட்டும் மங்கலாக இருக்கிறது. முன்பும் பின்பும் அளந்தார், 121 இருந்தது 119 ஆகியிருக்கிறது. அந்தக் கீறலை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். டாப்புக்கு அடுத்த வாரம் பெயிண்ட் கடையில் விடுகிறேன். காலைத் துணியை இன்றோடு நிறுத்திவிட்டேன்.