பிந்தி வரும் ஊழியரை மன்னிப்பதா, மெமோ கொடுப்பதா?

கேள்வி:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். தென் தமிழகத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். எங்கள் செவிலியர் ஒருவர் பல மாதங்களாகக் காலை ஷிஃப்டுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் பிந்தி வருகிறார். அவர் வந்து ரிப்போர்ட் வாங்கும்வரை இரவுப் பணியில் இருந்தவர் வார்டை விட்டு நகர முடியாது. ஏழரை மணிப் பேருந்தை விட்டால் அவருடைய ஊருக்கு அடுத்தது ஒன்பதேகாலுக்குத்தான். பிந்தி வருபவர் சேகரக் கமிட்டி (சில சபைகள் சேர்ந்த சேகரத்தின் நிர்வாகக் குழு) உறுப்பினர் ஒருவரின் மகள். இரவுப் பணியில் இருப்பவர் கிறிஸ்தவர் அல்லர். மெமோ கொடுக்கலாம் என்றால், "ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே" என்கிறார் செயலாளர். கிறிஸ்தவ நிறுவனம் ஒன்று இதை எப்படிக் கையாள வேண்டும்?

பதில் 1 (ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பிரண்டெண்ட்):

செயலாளர் சொல்லும் வசனம் மத்தேயு 18:22. அதே அதிகாரத்தில் சற்று முன்னே, 15 முதல் 17 வரை, முதலில் தனித்துப் பேசுவது, கேளாவிட்டால் இரண்டொருவரைச் சாட்சியாக அழைத்துக்கொண்டு போவது, அதற்கும் இணங்காவிட்டால் சபைக்கு அறிவிப்பது என்று படிப்படியாக ஒரு முறை இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டார்? சபைக்குச் சொன்னதை அப்படியே அலுவலக விதியாக்க முடியாது என்றாலும், அந்த வரிசை நல்ல வரிசை. வார்டில் நோயாளிகளின் முன்னால் கேட்காமல், உங்கள் சூப்பிரண்டெண்ட் அவரைத் தம் அறைக்கு அழைத்துப் பேசட்டும். வீட்டில் படுக்கையாய்க் கிடக்கும் மாமியார் இருக்கலாம். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட வேறு ஆள் இல்லாமலும் இருக்கலாம். காரணம் மெய்யானால் ஷிஃப்டை மாற்றிக் கொடுங்கள். பேசிய தேதியையும் அவர் ஒப்புக்கொண்டதையும் எழுதி வையுங்கள். இன்னொன்று, மன்னிப்பவர் செயலாளர். பேருந்தைத் தவறவிடுபவர் வேறொருவர்.

பதில் 2 (சபை ஊழியர்):

மெமோ என்ற தாள் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டால் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுகிறேன். ஒருமுறை அவருடைய வீட்டுக்குப் போய், விசாரித்து, ஜெபித்துவிட்டு வாருங்கள்.

பதில் 3 (மறைமாவட்ட நிறுவனம் ஒன்றில் பணியாளர் பிரிவைக் கவனித்தவர்):

ஐயா சொல்வதுபோல் வீட்டுக்குப் போவது நல்லதே. ஆனால் மெமோவைத் தண்டனை என்று மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குற்றச்சாட்டு இன்னதென்று எழுத்தில் தெரிந்துகொள்ளவும், அதற்கு எழுத்திலேயே விளக்கம் தரவும் ஊழியருக்குக் கிடைக்கும் வாய்ப்பும் அதுதான். மாதக்கணக்கில் வாய்மூடிப் பொறுத்துவிட்டு, ஒருநாள் கோபத்தில் விசாரணையின்றி வேலையை விட்டு அனுப்புவதைத்தான் நான் மிஷன் நிறுவனங்களில் அதிகம் பார்த்திருக்கிறேன். தொழிலாளர் சட்டம் நம்மைத் தொடாது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளையும் தொண்டு நிறுவனங்களையும்கூடத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 'தொழில்' என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் அந்த வரையறை மாறியிருக்கிறது; உங்கள் நிறுவனத்தின் நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் இங்கே முதலில் தீர்க்க வேண்டியது இரவுச் செவிலியரின் கணக்கு. கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19:13. அவர் தினமும் கூடுதலாக நிற்கும் முக்கால் மணி நேரத்துக்கு ஊதியமோ ஈடு விடுப்போ கொடுத்தீர்களா? கொடுக்கவில்லை என்றால், உங்கள் நிறுவனத்தின் பொறுமைக்கு அவருடைய கூலியிலிருந்து செலவழிக்கிறீர்கள். பிந்தி வந்தவர் அவராக இருந்திருந்தால் இத்தனை மாதம் காத்திருந்திருப்பீர்களா என்பதையும் கமிட்டியில் கேளுங்கள். வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யச் சொல்லும் கொலோசெயர் 4:1 சபையாரின் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதப்பட்டதன்று. இதைப் பேசும்போது அந்தத் தகப்பனார் கூட்டத்தில் இருக்கக் கூடாது.

கேட்டவர்:

நன்றி. ஈடு விடுப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. வருகைப் பதிவுக் கருவியில் இரவுப் பணியாளர்கள் வெளியேறிய நேரம் இருக்கிறது; அதை எடுத்துத் தருமாறு கணக்குப் பிரிவில் கேட்டிருக்கிறேன். சூப்பிரண்டெண்ட் நாளை அந்தச் சகோதரியிடம் பேசுகிறார். தகப்பனாரை வெளியே இருக்கச் சொல்வதுதான் எப்படி என்று தெரியவில்லை. அவர்தான் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார்.