இமயமலையில் பனிக்குப் பதில் மழை: இதில் கவலைப்பட என்ன இருக்கிறது?

ஓமலூர் விவசாயி
இமாச்சலத்திலும் உத்தராகண்டிலும் குளிர் குறைந்த ஆண்டுகளில் மேல்மலையில் பனியும் கீழ்மலையில் மழையுமாக விழுகிறது. உடனே பேராபத்து என்று எழுதுகிறார்கள். எனக்கு விளங்கவில்லை. பனியாக விழுந்தாலும் மழையாக விழுந்தாலும் வருவது தண்ணீர்தானே? மழையென்றால் சாலை அடைபடாது, விறகுச் செலவு குறையும், கர்ப்பிணியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியும். எங்கள் பக்கம் தை மாதத்தில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால் கிணற்றடியில் கற்பூரம் ஏற்றுவோம். மலைக்காரர்கள் மட்டும் ஏன் அழவேண்டும்?

ஏற்காடு காபித் தோட்டம்
ஐயா, நீங்கள் கற்பூரம் ஏற்றும் அதே நேரத்தில் நாங்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு களத்துக்கு ஓடுகிறோம். சேர்வராயன் மலையில் அரபிகா பழம் பறிப்பது கார்த்திகையில் தொடங்கித் தை வரை போகும். பழத்தோடு காயப்போட்ட காபியை ஒரு கைப்பிடி அள்ளிக் காதருகே குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென்று ஆடவேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது வெயில் வேண்டும். நடுவில் மழை பிடித்தால் பூஞ்சணம் ஏறி, கோப்பைவரை அந்த நாற்றம் போகாது. செடியில் இருக்கும் பழமும் வெடித்து உதிர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய கேடு அடுத்த ஆண்டுக் காய்ப்புக்கு. காபி மொட்டு வறட்சியில் உறங்கவேண்டும். மாசி, பங்குனியில் பூமழை வந்து எழுப்பினால் ஒரு வாரம், பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகப் பூக்கும். தையில் பெய்யும் மழை பாதி மொட்டை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. பூ முன்னும் பின்னுமாக வந்தால் காயும் அப்படியே. ஒரே செடிக்கு நாலு தடவை பறிப்புக் கூலி. மலையில் எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது பெய்தது என்பதுதான் கணக்கு.

அயோத்தியாப்பட்டணம் மாந்தோப்பு
மலைக்கு மட்டுமல்ல. மா பூத்திருக்கும்போது மழையும் மூடிய வானமும் வந்தால் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் கூடவே வரும். மல்கோவா பூங்கொத்து கருகி நிற்பதைப் பார்த்தவர்கள் தை மழைக்குக் கற்பூரம் ஏற்றமாட்டார்கள்.

ஓமலூர் விவசாயி
காபியும் மாவும் வைத்திருப்பவர்கள் பேசுகிறீர்கள். தென்னையும் வாழையும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணறு வற்றியவன் என்ன சொல்வான்? சேர்வராயன் மலையில் பிறந்து எங்கள் பக்கம் வரும் சரபங்கா நதி ஆண்டில் பெரும்பாலான நாள் வெறும் மணல். ஒருவருக்கு நஷ்டம் என்பதால் மழையே கெட்டது ஆகிவிடாது. கேள்வியும் இமயமலையைப் பற்றியது. அங்கே காபி இல்லை.

இயற்பியல் ஆசிரியை, சேலம்
இமயமலைக்கே வருகிறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலத்தைவிட ஏற்காடு ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே இருக்கிறது. மலையடிவாரக் கோரிமேட்டில் வியர்வையோடு பஸ் ஏறியவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு ஒண்டிக்கடையில் இறங்கும்போது சால்வையைத் தேடுவது அதனால்தான். இதே கணக்கில், குளிர்காலம் 2 டிகிரி மிதமானால் பனி விழத் தொடங்கும் எல்லை சுமார் 300 மீட்டர் மேலே போய்விடும். அந்த 300 மீட்டர் சரிவில் இருக்கும் ஊர்களும் தோட்டங்களும் அன்றைக்கு மழையில் நனையும்.

"மேலேதான் பனி கொட்டுகிறதே, குளிர் எங்கே குறைந்தது?" என்று சிலர் கேட்பார்கள். மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கிளம்பி வரும் காற்றுச் சலனங்கள்தான் மார்கழி முதல் பங்குனி வரை அங்கே மழையும் பனியும் தருகின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். ஆகவே மிதமான குளிர்காலத்திலும் உச்சியில் பெரும்பனி கொட்டலாம். சலனங்களே வராமல் போகும் ஆண்டும் உண்டு: 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் பனியின்றி வறண்டு கிடந்தது.

முன்னாள் படைவீரர், ஆத்தூர்
சாலை அடைபடாது என்று ஓமலூர் அண்ணன் எழுதியதை ஒப்புக்கொள்ள முடியாது. பனிக்காலத்தை அந்த மலைகளில் கழித்தவன் நான். புதுப்பனி மாவுபோல் உலர்ந்திருக்கும், மண்வெட்டியால் வாரித் தள்ளிவிடலாம். அதன்மேல் மழை விழுந்தால் பாரம் ஏறி, கால் வைத்த இடத்தில் முழங்கால்வரை இறங்கும். இரவில் அதுவே கண்ணாடியாக இறுகும். சங்கிலி கட்டிய லாரிச் சக்கரமே வழுக்கும். பனிச்சரிவு அதிகம் பயமுறுத்துவது அத்தகைய நாட்களில்தான். சரிவு தப்பினாலும் நனைந்த மலை மண்ணும் பாறையுமாகச் சாலையில் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் நம் ஏற்காட்டு மலைப்பாதையிலேயே மண் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம்.

தண்ணீருக்கும் வருகிறேன். பனி என்பது மலை தன் குதிரில் கொட்டிவைக்கும் நெல். சித்திரை, வைகாசியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பருவமழை வருவதற்கு முன்பே சட்லெஜிலும் பியாஸிலும் நீர் ஓடவைக்கும். மழையாக விழுந்தால் பெரும்பகுதி அந்த வாரமே ஆற்றோடு போய்விடும். தையில் வெள்ளம், வைகாசியில் ஊற்றடியில் குடத்தோடு வரிசை.

ஓமலூர் விவசாயி
சரி, ஓடும் நீரைத் தடுத்து அணை கட்டுங்கள். பக்ரா அணை கட்டவில்லையா? குளிர் போதாமல் கீழ்மலையில் ஆப்பிள் போயிற்று என்றும் எழுதுகிறார்கள், அதுவும் பாதி உண்மைதான். இப்போது இமாச்சலத்தின் மேல்மலைப் பகுதிகளான கின்னோரிலும் லாஹௌலிலும் ஆப்பிள் விளைகிறது. பயிர் மேலே ஏறிக்கொள்கிறது, மனிதர்களும் பழகிக்கொள்கிறார்கள்.

ஏற்காடு காபித் தோட்டம்
பயிர் ஏறும் ஐயா, பட்டா ஏறாது. டெலிஷியஸ் வகை ஆப்பிளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரமாவது வேண்டும். கிடைக்காவிட்டால் பூ ஒழுங்காக விரியாது. கீழ்ச்சரிவில் அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு மேல்சரிவில் நிலத்தை யார் தருவார்கள்? மரம் வைத்துக் காய்க்கும்வரை அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? எங்களுக்கோ ஏற இடமே இல்லை. சேர்வராயன் கோயில் 5,300 அடிதான், அதற்குமேல் வானம்.

அணை பள்ளத்தாக்குக்கு உதவும். அணைக்கு மேலே, ஊற்றை நம்பி இருக்கும் ஊர்களுக்கு அது தண்ணீர் தராது. நம் மலையில் பனி கிடையாது. சோலைக்காடும் நிழல்மரத் தோட்டங்களும்தான் ஐப்பசி, கார்த்திகை மழையைச் சருகிலும் வேரிலும் பிடித்துவைக்கின்றன. அது கசிந்து கசிந்து இறங்கித்தான் சரபங்காவுக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் வரவேண்டும்.

ஓமலூர் விவசாயி
இதைத்தான் நான் கேட்கக் காத்திருந்தேன். அந்தச் சோலையை வெட்டி, ஓடையை மண் கொட்டி மூடி, விடுதி கட்டுவது யார்? ஓமலூர்க்காரன் அல்ல. கார்த்திகை மழையை மலை பிடித்துவைத்திருந்தால் நான் ஏன் தை மழைக்காக வானத்தைப் பார்க்கிறேன்? உங்கள் ஊர் கூட்டத்தில் ஓடைப் புறம்போக்கைப் பற்றிப் பேசுங்கள்; நாங்கள் நூறு பேர் மேலே வந்து உங்களோடு உட்காருகிறோம். அதுவரை தை மழை எனக்கு வேண்டியதுதான்.

ஏற்காடு காபித் தோட்டம்
வாருங்கள். ஓடைக்காக நானும் கையெழுத்துப் போடுகிறேன். தை மழை விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் வரமாட்டேன்.