திருகோணமலையில் யாருக்கும் தெரியாமல் நடத்தும் ஆற்றுகைகள்

தெருவில் ஆற்றுகை செய்ய வருகிறவர்கள் வித்தியாசமாக ஏதாவது செய்யத்தான் யோசிக்கிறார்கள். செக் கலைஞர் ஜிரி கொவண்டா 1976இல் பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் வேறு வழி பிடித்தார். எழுதிவைத்த அசைவுகளை அப்படியே செய்தார். பார்ப்பவருக்குச் சந்தேகம் வரக்கூடிய அசைவு ஒன்றுகூட அதில் இல்லை. டச்சுபே கடற்கரைக்கு இதுதான் பொருத்தம்.

மாலை 5 மணிக்குப் பிறகு சனம் சேரும். 7, 8 அசைவு போதும்: மணிக்கூட்டைப் பார்ப்பது, செருப்பு மணலைத் தட்டுவது, கடல் பக்கம் திரும்பி மூன்று மூச்சு நிற்பது. அசைவுகளுக்கு இடையிலுள்ள நேரத்தையும் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். தாளை வீட்டில் விட்டு வாருங்கள். 15 நிமிடத்தைத் தாண்டினால் கடலை விற்பவரே "ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள் தம்பி?" என்று கேட்பார். "கூட்டாளி வாறான்" என்று சொல்லலாம். சொன்னது பொய்யாகாமல் இருக்க, கடைசி அசைவில் இரண்டாவது ஆள் உண்மையாகவே வந்து சேர வேண்டும். தின்பண்டம் மட்டும் கையில் வேண்டாம். அங்கே திரிகிற மான் வரும், மானோடு நாலு போன் கமெராவும் வரும்.

---

அசைவுகள் சரி. ஆட்களை வரிசையில் நிறுத்திச் செய்யும் ஆற்றுகையைப் பற்றியும் சொல்ல வேணும், அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஸ்லோவாக்கியக் கலைஞர் ரோமன் ஒன்டாக் 2003இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆட்களை எதற்கென்று தெரியாத ஒரு வரிசையில் நிறுத்தினார். சோசலிசக் காலத்துச் செக்கோசிலோவாக்கியாவின் கடை வரிசைகள்தான் அதன் வேர். அங்கே அது பழைய நினைவு. இங்கே 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாட்கணக்கில் நின்ற சனம் இன்னும் அதே தெருக்களில்தான் நடக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு பேர் வரிசையாக நின்றால், ஏழாவது ஆள் "என்ன குடுக்கினம்?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் நிற்பார். அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவராக இருக்கலாம். அந்த நேரத்தை எடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. வரிசை வேண்டுமென்றால் உண்மையாகவே ஏதாவது கொடுங்கள்: 20 பிளேன்டீ, ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் கலையுங்கள்.

---

பையை எங்கேயும் வைத்துவிட்டு நகரக் கூடாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஆளில்லாத பை என்றால் இந்த நாட்டில் ஒரே அர்த்தம்தான். மயங்கி விழுவது, பிள்ளையைத் தேடுவது போன்றவையும் வேண்டாம். உதவிக்கு ஓடி வருகிற மனிதரை அடுத்த தடவை தயங்க வைத்துவிடும்.

வாக்குவாதம் வைத்துச் செய்யும் கட்புலனாகா அரங்குக்கு, அதாவது நாடகம் என்று சுற்றியுள்ளவர்களுக்குத் தெரியாமல் நடத்தும் நாடகத்துக்கு, பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் எழுதிய பெரு நாட்டு உணவக உதாரணத்தைப் பாருங்கள். நடிகர்கள் வெவ்வேறு மேசைகளில் இருக்கிறார்கள். ஒருவர் சாப்பிட்டுவிட்டு, காசு இல்லை, உழைத்துக் கட்டுகிறேன், குப்பை அள்ளுகிறவருக்கு மணிக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறார். முடிவில் மேசைகளில் காசு சேர்க்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பில் பரிமாறும் பெடியனின் சம்பளத்தில் கழியாமல் இருக்க, முழுத்தொகையும் குழுவில் ஒருவரிடம் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று மொழி. தமிழில் மட்டும் சத்தம் போட்டால், சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கு அது சண்டையாகவே தெரியும், இந்த ஊரில் அது இன விஷயமாகத் திரும்ப நேரமெடுக்காது. இரு மொழியும் பேசுகிற ஒருவராவது மேசையில் இருக்க வேண்டும். அவர் கேள்வியின் பொருளை உரக்க, இயல்பாக மற்ற மொழியில் திரும்பச் சொல்வார்.

வீடியோ எடுக்க வேண்டாம். இராணுவம் இருக்கிற கோட்டைப் பக்கமும் கடற்படைப் பக்கமும் கமெரா கேள்விகளைக் கொண்டுவரும். தேத்தண்ணிக் கடையில் இருவர் தனித்தனியாக இருந்து பார்த்து, பேசிக்கொள்ளாமல் அன்றிரவே எழுதட்டும். இரண்டு குறிப்பும் முரண்படுகிற இடத்தைத்தான் அடுத்த ஒத்திகையில் முதலில் எடுக்க வேண்டும்.